மண் பதமாகும் நாளுக்கு ஒரு லீவு: ரொறன்ரோ தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கு,

வணக்கம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அஜாக்ஸிலும் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை, கணக்காளர் அலுவலகம், வீட்டுக் கடன் முகவர் அலுவலகம், கார் ஓட்டப் பழக்கும் பள்ளி என்று நடத்துகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக உங்களைப் போன்றவர்களிடம்தான் வேலை செய்து வருகிறேன். கணக்கெழுதுவது என் தொழில். உங்களில் பலருடைய பெட்டி நிறைந்த பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு விஷயம் கேட்கிறேன்.

இப்போது ஏப்ரல் நடுப்பகுதி. எங்கள் தொழிலில் தலை நிமிர முடியாத காலம். ஏப்ரல் 30க்குள் எல்லாருடைய வருமான வரிக்கணக்கும் போய்ச் சேர வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்கு ஜூன் 15 வரை தவணை உண்டு, ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு அவர்களுக்கும் ஏப்ரல் 30தான் கெடு. ஆகவே எல்லாரும் ஒன்றாகத்தான் வந்து நிற்பார்கள். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் முதலில் போய்ப் பார்ப்பது முன்னறை ஜன்னலைத்தான். அங்கே தட்டுகளில் 52 நாற்று நிற்கிறது. கத்தரி 18, மிளகாய் 20, தக்காளி 14. மார்ச் முதல் கிழமை விதைத்தவை. ஒவ்வொரு இரவும் தட்டைத் திருப்பி வைக்கிறேன். இல்லாவிட்டால் எல்லாம் கண்ணாடிப் பக்கம் கூனிக்கொண்டு வளரும்.

கேட்க வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். மே 10க்கும் ஜூன் 10க்கும் இடையில், உங்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுங்கள். எந்த நாள் என்பதை அவர்களே சொல்லட்டும். முதல் நாள் இரவு ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று விடுங்கள். தோட்டம் செய்ய ஒரு நாள்.

“விக்ரோறியா நாள் லீவு இருக்குத்தானே” என்று கேட்பீர்கள். இருக்கிறது. மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. ஊரே அந்த நீண்ட வார இறுதியில்தான் நாற்று நடும். ஆனால் உங்கள் கடைகளுக்கும் அதுதான் கூட்டம் நிறைந்த மூன்று நாள். கடை வாசலில் கத்தரி நாற்றும் கறிவேப்பிலைக் கன்றும் அடுக்கி வைத்து விற்பதே அப்போதுதான். அதைத் தூக்கிக் கொடுக்கிற பிள்ளைக்குத் தன் வீட்டில் நட நேரமில்லை. ஒன்ராறியோச் சட்டத்தில் வருடத்துக்கு ஒன்பது பொது விடுமுறை என்று இருக்கிறது. நம்மவர் கடைகளில் எத்தனை பேருக்கு அந்த ஒன்பதும் அந்தந்த நாளிலேயே கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், சம்பளப் பட்டியல் போடுகிற எனக்கும் தெரியும்.

சரி, அந்தத் திங்கட்கிழமை கிடைத்தே விட்டது என்று வையுங்கள். அன்று மண் சம்மதிக்க வேண்டுமே.

இந்த ஊர் வசந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்தவுடன் சனம் ஜக்கற்றைக் கழற்றிவிடும். ஏப்ரல் கடைசியில் ஹை பார்க்கில் செரி பூக்கும். 1959இல் தோக்கியோ மக்கள் சார்பில் யப்பானியத் தூதர் கொடுத்த மரங்களில் தொடங்கிய தோப்பு அது. படம் எடுக்க எல்லாரும் அங்கே போவோம். அந்தக் கிழமையே இரவில் உறைபனி விழும். மே நடுப்பகுதி வரை அந்தப் பயம் போகாது. பகல் 20 பாகை காட்டும், இரவு 3க்கு இறங்கும். பத்துக்குக் கீழே இரவு இறங்கினால் கத்தரியும் மிளகாயும் குறண்டிப்போய் அப்படியே நிற்கும். சாகாது, வளரவும் மாட்டாது. மண்ணுக்குள் 18 பாகைச் சூடு வர முதல் வெண்டி விதையைப் போட்டால் முளைக்காமல் அழுகும். பயித்தங்காயும் அப்படித்தான்.

அடுத்தது ஈரம். ஸ்காபரோவில் எங்கள் பக்கம் எல்லாம் களிமண். பனி கரைந்த தண்ணீரும் ஏப்ரல் மழையும் குடித்து, மே பிறந்தும் அது பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். விரலால் தட்டும்போது உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகப் புரண்டு, வெயில் பட்டதும் செங்கல் மாதிரி இறுகிவிடும். அந்த வருடம் முழுக்க அதற்குள் வேர் இறங்காது.

ஆக, உறைபனிப் பயம் விலகி, மண் சூடேறி, ஈரம் பதமாகி, அடுத்த இரண்டு நாளைக்குக் கொட்டும் மழை இல்லாமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடி வருகிற நாள் மே மாதத்தில் நாலோ ஐந்தோதான் இருக்கும். அது செவ்வாயாக இருக்கலாம், வியாழனாக இருக்கலாம். முதல் நாள் பின்னேரம் கையில் மண்ணை எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். என் பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் லைலாக் பூத்த பிறகுதான் தக்காளியை வெளியே வைப்பார். நாட்காட்டியை அவர் பார்த்ததை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் எத்தனை பேர் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவர்கள்! உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் இணுவிலிலும் சுன்னாகத்திலும், பள்ளிக்கூடம் போக முதல் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் மாறிவிட்டு, கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு ஓடினவர்கள். இறைப்பு மெசின் சத்தத்தில் விடிந்தவர்கள். குழை தாழ்ப்பது என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பந்தியில் விளக்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சொல்லே போதும், பச்சை இலை மண்ணுக்குள் வேகிற மணம் வந்துவிடும். நல்ல பதத்தில் கிடக்கிற தோட்டத்தை விட்டுவிட்டு உங்கள் தகப்பன்மார் வேறு எங்கேயும் போயிருப்பார்களா? கலியாண வீடாக இருந்தாலும் காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்திருப்பார்கள்.

என் அப்பாவும் அப்படியான ஒருவர்தான். வெங்காயத் தோட்டம் செய்தவர். 1987இல் இங்கே வந்தார். கிழமை நாளில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, சனிக்கிழமை ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவல். 1998இல் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். பின்வளவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு. முதல் இரண்டு நாளும் மழை. அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினார். அது உருண்டையாகவே நின்றது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கொத்தத் தொடங்கினார்.

அது பிழை என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மண்ணைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் அவருக்கு அந்த ஞாயிறு மட்டும்தான் இருந்தது. ஜூன் மாதம் அந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறக் கட்டிகள். நட்ட மிளகாய் முழங்கால் உயரத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் அப்பா அதன்மேல் புல்லு விரித்துவிட்டார். “இந்த மண் சரிவராது” என்று சொன்னார். அப்பா மண்ணைக் குற்றம் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

2010இல் ஓய்வு பெற்றார். அந்த வசந்தத்தில் புல்லைக் கிளறி எடுத்துவிட்டு, எட்டு நாள் ஒன்பது நாள் என்று பொறுத்திருந்து, பதம் பார்த்துக் கொத்தினார். அதே மண்தான். கத்தரி காய்த்துக் கொட்டியது. பாகல் பந்தலின் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு வானொலி கேட்பார். இப்படி நாலு கோடை இருந்தார். ஐந்தாவது கோடைக்கு அவர் இல்லை.

பதினொரு வருடம் அந்த வளவு வெறும் புல்லாகக் கிடந்ததை நினைக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். யாரும் அவருக்குக் கொடுமை செய்யவில்லை. வேலை கொடுத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள். வருடத்தில் ஒரே ஒரு கிழமை நாளை, அவர் கேட்கிற நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு லீவு கேட்பது அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

போன வருடம் நான் கேட்டேன். அப்போது வேலை செய்த இடத்தில், மே மாதம் மூன்றாவது கிழமை, புதன்கிழமை பின்னேரம். அதற்கு முன் ஒன்பது நாள் மழையும் குளிரும். நாற்றுகளைப் பகலில் வெளியே நிழலில் வைத்து, இரவில் உள்ளே எடுத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கியாயிற்று. வேர் சட்டியைச் சுற்றத் தொடங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா தொலைபேசியில் சொன்னார்: “பிள்ளை, மண் உதிருது.”

முதலாளியின் அறைக்குப் போனேன்.

“அண்ணை, நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்.”

“ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?”

“இல்லை அண்ணை. தோட்டம் செய்ய வேணும். மண் இண்டைக்குத்தான் பதமா வந்திருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தோட்டத்துக்கு லீவோ தங்கச்சி? சனிக்கிழமை செய்யலாம்தானே.”

சனிக்கிழமையும் மூன்று மணி வரை நாங்கள் திறந்திருப்போம். அதைவிட, வெள்ளி இரவிலிருந்து திரும்பவும் மழை என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் அவருக்கு விளங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் இல்லாமல் விட்டிருப்பார். கடைசியில் சம்பளமில்லாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தேன். எழும்பி வரும்போது, பொய் சொல்லியிருந்தால் சம்பளம் கிடைத்திருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புத்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது என்று சொல்லலாம். பொய்க்காரணம் சொல்கிறவருக்குச் சம்பளம், உண்மைக் காரணம் சொல்கிறவருக்கு வெட்டு என்ற நிலையில் நாம் ஒருவரை ஒருவர் வைத்திருக்கக் கூடாது.

அந்த வியாழக்கிழமை எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மே மூன்றாவது கிழமையில் இங்கே சூரியன் காலை ஆறுக்குக் கால் மணி இருக்கையிலேயே வந்துவிடும். இரவு எட்டே முக்காலுக்குத்தான் போகும். ஏறக்குறைய பதினைந்து மணி நேர வெளிச்சம். நம் ஊரில் எந்த மாதத்திலும் அப்படி ஒரு பகல் இல்லை. ஆறு மணிக்கு நான் எழும்பி வர, அம்மா வீட்டுச் சட்டைக்கு மேல் அப்பாவின் பழைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு பின்கதவடியில் நிற்கிறார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் வளவைப் பார்த்தோம். புல்லில் ஈரம். வேலிக்கு அப்பால் இத்தாலியரின் அத்தி மரம். பனிக்காலத்துக்கு முன் அதைச் சாய்த்துப் படுக்க வைத்து, மண்ணால் மூடிவிடுவார். வசந்தத்தில் கிளறி நிமிர்த்துவார். கயிற்றுக் கட்டோடு நின்ற அந்த மரத்தில் அன்று பச்சை நுனிகள் வந்திருந்தன.

கொத்தத் தொடங்கினேன். மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. பதமான மண்ணுக்கு அதுதான் அடையாளம், ‘சதக்’ என்று ஒட்டாது, ‘டங்’ என்று எதிர்க்காது. போன இலையுதிர் காலத்தில் புதைத்த மேப்பிள் இலை எல்லாம் கறுத்துப் பொடிந்து கிடந்தது. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மண்புழு. ஒரு ரொபின் குருவி ஆறடி தள்ளி நின்று பார்த்தது. நான் நகர நகர அதுவும் பின்னால் வந்து பொறுக்கியது. பத்து மணிக்குள் மூன்று பாத்தி.

அம்மா பாகல் விதையோடு இருந்தார். பாகல் விதையின் கோது தடிப்பு. சும்மா போட்டால் இந்தக் குளிர் மண்ணில் முளைக்க மூன்று கிழமை எடுக்கும். அம்மா நகவெட்டியால் ஒவ்வொரு விதையின் கூர்ப் பக்கத்தையும் துளியளவு நறுக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு முதல் நாள் இரவே ஊற வைத்திருந்தார். அவருக்கு 74 வயது. கை கொஞ்சம் நடுங்கும், ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்த விதைகளில் ஒன்றின் பருப்பிலும் காயம் படவில்லை. பயித்தைக்குக் குழிக்கு மூன்று விதை, விரலின் முதல் மடிப்பு அளவு ஆழம். ஒவ்வொரு குழியையும் மூடிவிட்டு உள்ளங்கையால் ஒரு தரம் தட்டுவார். “ஏன் தட்டுறீங்கள்?” என்று கேட்டேன். “அப்பு தட்டுவார்” என்றார். தன் தகப்பனைப் பற்றி அம்மா இவ்வளவு கதைத்தது அந்த ஒரு பகலில்தான். பனையோலைப் பட்டையால் கிணற்றில் இறைத்த காலம், துலாவில் ஏறி மிதித்த மாமா, புகையிலைக் கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றின விடியல், எல்லாம் வந்தது. மேசையில் இருந்து கேட்டிருந்தால் “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று சொல்லியிருப்பார்.

மதியத்துக்குப் பிறகு கறிவேப்பிலையைத் தூக்கினோம். செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுத்த சட்டி. எட்டு மாதம் ஹீற்றரின் வறண்ட காற்றில் இருந்து இலை பாதி கொட்டி, ஒல்லியாக நிற்கிறது. நான் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்தால் வந்த மகன் மறுபக்கம். நேரே வெயிலில் வைத்தால் இலை வெளிறிக் கருகிவிடும் என்று வேலியோர நிழலில் இறக்கினோம். மகன் ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பதினான்கு வயது, என்னோடு ஐந்து நிமிடம் தொடர்ந்து கதைப்பது அபூர்வம். அன்று ஆறு மணி வரைக்கும் தண்ணீர் அள்ளித் தந்தான்.

நாலு மணிக்கு வெயில் தணிந்த பிறகுதான் நாற்று நட்டோம். கத்தரிச் சட்டியைக் கவிழ்த்து அடியில் ஒரு தரம் தட்டினால் போதும். வேர் வெள்ளை வெளேரென்று சட்டியின் வடிவத்திலேயே வெளியே வரும். அதை விரலால் மெல்லத் தளர்த்திக் குழியில் வைத்து மண் அணைத்தோம். எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. கால் கழுவாமல் படியில் இருந்தோம். நான் கடைசியாக எப்போது ஒரு முழுப் பகலை வெளியே கழித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

இப்படி ஒரு நாள் கொடுத்தால் மறுநாள் ஆட்கள் இரண்டு மடங்கு வேலை செய்வார்கள் என்று சொல்லி இதை உங்களுக்கு விற்க நான் வரவில்லை. செய்யலாம், செய்யாமலும் விடலாம். மறுநாள் எனக்கு இடுப்பு நோ, நகத்துக்குள் மண், வழக்கம் போலத்தான் வேலை செய்தேன். லாபக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது என்பதும் அதனால்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஜனவரியை இங்கே தமிழ் மரபுரிமை மாதம் என்று கொண்டாடுகிறோம். ஒன்ராறியோ அதை 2014இல் சட்டமாக்கியது, 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது. நமக்கு அது பெரிய விஷயம். ஜனவரி என்று தேர்ந்ததே தைப்பொங்கலுக்காக. நீங்களும் தாராளமாகச் செலவு செய்கிறீர்கள். மண்டபம், மேடை, கப்பலில் வந்த கரும்பு, பிள்ளைகளுக்குப் பட்டுச் சட்டை. வெளியே சைபருக்குக் கீழே 15. மண் இரும்பாகக் கிடக்கிறது. அந்தக் குளிரில் அறுவடைக்கு நன்றி சொல்கிறோம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு வருடமும் போகிறேன், பொங்கிச் சரியும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் இந்த நாட்டில் நமக்கு விதைப்பு மே மாதத்தில் வருகிறது. உறைபனி இல்லாத நாட்கள் அதிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதம்தான். பொங்கலை மேடையில் பார்க்கிற பிள்ளை, விதைப்பை வளவில் பார்க்க வேண்டாமா? அதற்குத் தாயோ தகப்பனோ ஒரு பகல் வீட்டில் நிற்க வேண்டும். மேடைக்குக் கொடுக்கிற காசில் ஒரு சின்னப் பங்குதான் செலவாகும்.

“எல்லாரும் ஒரே நாள் கேட்டால் கடையை யார் திறப்பது?” நியாயமான கேள்வி. எல்லாருக்கும் ஒரே நாளில் பதம் வராது. மணல் கலந்த வளவு முதலில் காயும், களி பிறகு. மாடத்தில் சட்டி வைத்திருப்பவருக்கு எந்த நாளும் சரி. ஆறு பேர் வேலை செய்கிற கடையில், ஒரு நாளைக்கு ஒருவர் என்று வைத்தால் ஒரு மாதத்துக்குள் ஆறு நாள். முதலில் கேட்டவருக்கு முதலில். நீங்களும் ஒரு நாள் எடுங்கள். நீங்கள் எடுத்தால் மற்றவர்களுக்குக் கேட்கக் கூச்சம் இருக்காது.

சட்டத்திலும் தடையில்லை. ஐந்து வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு இரண்டு கிழமை, அதற்கு மேல் மூன்று கிழமை என்பது ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த லீவு. அதை வழக்கமாகக் கிழமைக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் வேலை செய்பவர் எழுத்தில் கேட்டு முதலாளியும் சம்மதித்தால் ஒற்றை நாளாகவும் உடைக்கலாம். மேலதிகமாக ஒரு நாள் கொடுக்க முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள். மேலதிகமாகக் கொடுத்தால் நல்லது என்பதுதான் என் விருப்பம்.

“வளவே இல்லாதவருக்கு எதற்கு?” என்றும் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையலறையில் வேலை. விடிய முதல் போய் ரோல்ஸ் உருட்டத் தொடங்குவார். அந்தச் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. வீட்டுக்கு வந்தாலும் பேஸ்மன்ட். கடையில் எறிகிற எண்ணெய் வாளிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, பேஸ்மன்டுக்கு இறங்குகிற படியில் ஐந்து மிளகாய் வைத்திருக்கிறார். போன வருடம் அவற்றை இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி வெளிச்சத்தில் நட்டார். தொலைபேசியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் மண் அணைத்தாராம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, “எல்லாம் பிழைச்சிட்டுது” என்று சந்தோசமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த அக்காவுக்கு ஒரு பகல் வேண்டும். ஐந்து வாளிதான் என்றாலும், வெயில் முதுகில் பட அவர் அதை நட வேண்டும். மீதி நேரம் படியில் சும்மா இருந்தாலும் அதுவும் அந்த நாளின் வேலைதான். உங்கள் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற ஒரு மூலை இருந்தால், அங்கே இன்னும் நாலு வாளி வைக்கவும் விடுங்கள்.

தயவுசெய்து யாரிடமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். தோட்டம் செய்தாரா இல்லையா என்று பார்க்கப் போகாதீர்கள். முளைத்தால் ஓகஸ்டில் அவர்களாகவே ஒரு பையில் கத்தரிக்காய் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பார்கள். நம் சனத்தை உங்களுக்குத் தெரியும்தானே.

இந்த வருடம் புதிய இடத்தில் வேலை. என் முதலாளிக்கும் இந்த மடலின் ஒரு பிரதி போகிறது. வரிக்கணக்கு எல்லாம் முடியட்டும், ஒரு கோப்பும் பாக்கி வைக்க மாட்டேன். மே பத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நாள் பின்னேரம் அம்மா தொலைபேசி எடுப்பார். அன்றிரவு, “அண்ணை, நாளைக்கு மண் பதம்” என்று ஒரு செய்தி வரும். “சரி” என்று மட்டும் பதில் போடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் கணக்கெழுதும் ஒருத்தி